சாருடைய நெகட்டிவை எவ்வளவு கறுப்பாகப் போடலாம்?

கேள்வி: மூன்று வருடமாக வீட்டுக் குளியலறையையே டார்க்ரூமாக வைத்துக்கொண்டு கருப்பு வெள்ளை பிரிண்ட் போட்டு வருகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்த சார் எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சென்ற ஆண்டு காலமானார். 1970களிலும் 80களிலும் ஆற்றங்கரை, சந்தை, திருவிழா என்று அவர் தனக்காக எடுத்த நெகட்டிவ்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. நினைவு நாளன்று மாட்டுவதற்கு இருபது படம் போட்டுத் தரும்படி அவருடைய மகள் கேட்டார். முதலில் போட்டது, மார்கழிப் பனியில் பரிசலுக்குக் காத்திருக்கும் பெண்கள். நெகட்டிவ் சப்பென்று இருந்ததால், கான்ட்ராஸ்ட்டை (கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை) நன்றாகக் கூட்டும் 4½ ஃபில்டர் வைத்து, வானத்தையும் நன்றாகக் கறுக்கவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்தது. டார்க்ரூம் வேலை தெரியாத மகள் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா, ஆனா அப்பா போட்ட மாதிரி இல்ல" என்றார். சார் தன் கையால் போட்ட பிரிண்ட் இரண்டுதான் மிச்சம், இரண்டும் 8க்கு 10 அங்குலம். அவர் எப்படிப் போட்டிருப்பார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தாலும் அப்படியேதான் போட வேண்டுமா? கீழே யார் பெயரைப் போடுவது? இன்னொன்று: ஒரு விவசாயியின் 120 (பெரிய அளவு ரோல் ஃபிலிம்) நெகட்டிவில் முகத்தின் மேல் சிவப்புக் கறை இருக்கிறது. கழுவிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். கழுவாதீர்கள். தண்ணீர், ஃபிலிம் கிளீனர், ஈரத்துணி எதையும் அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பரிசல் பிரிண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களுக்குக் கை நன்றாகப் பழகியிருக்கிறது. வானத்தை அவ்வளவு பர்ன் செய்தும் (கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கறுக்க வைத்தும்) மரங்களின் உச்சி கெடவில்லை, அது லேசான வேலை இல்லை. தனியாகப் பார்த்தால் நல்ல பிரிண்ட். ஆனால் சாரின் மகள் சொன்னதும் சரி. அவருக்கு டார்க்ரூம் வேலை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் போகட்டும். அப்பா போட்ட பிரிண்ட்களைப் பார்த்தே வளர்ந்த கண் அது.

நெகட்டிவ் சப்பென்று இருந்தது என்கிறீர்கள். ஜன்னல் கண்ணாடியில் வைத்து நீங்கள் எடுத்து அனுப்பிய படத்தில் அந்த ஃபிலிம் துண்டு முழுவதும் தெரிகிறது. ஆறு ஃப்ரேம். முதல் நான்கு ஆற்றங்கரை. ஐந்தும் ஆறும் ஒரு டீக்கடை, வெயில் வந்துவிட்டது. நெகட்டிவில் நிழல் தெளிவாகவும் வெளிச்சம் கறுப்பாகவும் விழும். டீக்கடை ஃப்ரேமில் பெஞ்சுக்கு அடியில் இருக்கும் நிழல் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. டீ ஆற்றுகிறவரின் வேட்டி நல்ல அடர்த்தி. ஆக, ஃபிலிம் கழுவியதில், அதாவது டெவலப் செய்ததில், ஒரு குறையும் இல்லை. ஒரே ரோல், ஒரே டெவலப்பர், ஒரே நிமிடக் கணக்கு. அப்படியிருக்க முதல் நான்கு மட்டும் ஏன் சப்பை? பனிதான். அன்று காலை ஆற்றங்கரையில் முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. ஃபிலிம் அதை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் அதை நோய் என்று நினைத்து மருந்து கொடுத்துவிட்டீர்கள். உங்கள் பிரிண்டில் தூரத்துப் பரிசல் முன்னால் வந்து நிற்கிறது, அக்கரை இக்கரையாகிவிட்டது. அந்தப் பெண்கள் இன்னும் வராத பரிசலுக்காக நிற்கிறார்கள் என்பதே தெரியவில்லை.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வயதில் மூத்த ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் தன் நெகட்டிவ்களை என்னிடம் கொடுத்தார். கடலோரக் குடியிருப்பு, வலை உலர்த்தும் ஆட்கள். நான் மணலைப் பளீரென்று வெளுக்க வைத்து, நிழலையெல்லாம் மை போல இறக்கி, பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா அன்னிக்குத் தூறல். வெயிலே இல்ல" என்றார். அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. அன்றிலிருந்து அடுத்தவர் நெகட்டிவ் கைக்கு வந்தால், ஒரு ஃப்ரேமை மட்டும் என்லார்ஜரில் (பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவியில்) ஏற்றுவதில்லை. முழு ரோலையும் பேப்பரின் மேல் நேராக வைத்து, ஃபிலிம் அளவிலேயே கான்டாக்ட் ஷீட் போட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அதைக் கிரேடு 2இல் (நடுத்தரக் கான்ட்ராஸ்ட்டில்), ஒரே எக்ஸ்போஷரில் போடுங்கள். ஃபிலிமின் வெற்று ஓரம் பேப்பரின் முழுக் கறுப்பை எட்டுகிற குறைந்தபட்ச வினாடி எதுவோ அதுதான் கணக்கு. அப்போது அவர் எங்கே அதிகம் கொடுத்தார், எங்கே குறைத்தார், ஒரே காட்சியை எத்தனை தடவை எடுத்தார் என்பதெல்லாம் ஒரே தாளில் வந்துவிடும்.

சரி, அவர் எப்படிப் போட்டிருப்பார்?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டது டார்க்ரூம்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் இளவயதில் பியானோ கலைஞராகப் போயிருக்க வேண்டியவர், அந்த உவமை அவருக்கு இயல்பாக வந்திருக்கிறது. நமக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் நல்லது. பியானோக்காரர் முன்னால் இருக்கும் தாளில் எல்லா ஸ்வரமும் அச்சாகியிருக்கும். நெகட்டிவ் அவ்வளவு சொல்லாது. அது பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் கீர்த்தனை மாதிரி. ராகம், தாளம், வரிகள் எல்லாம் இருக்கும். எந்தச் சங்கதி எங்கே, எந்தக் காலப்பிரமாணம் என்பது பாடாந்தரத்தில்தான், அதாவது குருவிடம் கேட்டுப் பாடம் செய்த வழியில்தான், கிடைக்கும். நீங்கள் தேடுவது சாருடைய பாடாந்தரத்தை.

அதுவும் ஒருவருக்கு ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' 1941 நவம்பர் 1 அன்று எடுத்தது. அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்ட் போட்டார். ஆரம்பகாலப் பிரிண்ட்களில் வானம் வெளிறி, மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு, நிலா மட்டும் தனியே நிற்கும். நடுவில் 1948இல், முன்பகுதி மெலிந்திருந்தது என்று நெகட்டிவின் அடிப்பகுதியையே ரசாயனத்தில் அடர்த்தியாக்கினார். 'ஆடம்ஸ் எப்படிப் போட்டிருப்பார்' என்று யாராவது கேட்டால், எந்த வருடத்து ஆடம்ஸ் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆனால் ரசனை மாறினாலும் ஒன்று மட்டும் அவ்வளவு சுலபமாக மாறாது. எந்தப் பேப்பரை மனதில் வைத்து ஒருவர் ஃபிலிம் கழுவினார் என்பதுதான் அது. அடுத்தவர் நெகட்டிவைப் போடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இதற்கு யூஜின் அட்ஜேயின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அட்ஜே முப்பது ஆண்டுக்கு மேல் பாரிஸின் தெருக்களையும் கடை வாசல்களையும் 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டுகளில் எடுத்தவர். 1927இல் இறந்தார். அவரிடம் மிஞ்சியிருந்ததை அடுத்த ஆண்டு வாங்கிக் காப்பாற்றியவர் பெரனிஸ் ஆபட் என்ற அமெரிக்கப் பெண், தானே பெரிய புகைப்படக் கலைஞர். அவர் மட்டும் இல்லையென்றால் அட்ஜே என்ற பெயரே நமக்கு வந்திருக்காது. ஆபட் அந்தத் தட்டுகளிலிருந்து பிரிண்டும் போட்டார், 1956இல் இருபது படங்களை ஒரு தொகுப்பாக வெளியிட்டார். போட்டது சாதாரண சில்வர் ஜெலட்டின் பேப்பரில், நாமெல்லாம் போடுகிற மாதிரி டெவலப்பரில் முக்கி. சிக்கல் அங்கேதான் வந்தது. அட்ஜே தட்டுகளைக் கழுவியது வெயிலிலேயே கறுக்கிற பேப்பருக்காக. ஆல்புமென் பேப்பரும் அதைப் போன்றவையும் அந்த ரகம். ஃப்ரேமில் தட்டையும் பேப்பரையும் சேர்த்து வெளிச்சத்தில் வைத்தால் உருவம் கண்ணெதிரே ஏறும். அதில் ஒரு விசேஷம், நிழல் பகுதி முதலில் கறுத்துவிடும். கறுத்ததும் அந்தக் கறுப்பே தனக்குக் கீழே வெளிச்சம் போகாமல் தடுத்துக்கொள்ளும். அதற்குள் வெளிச்சப் பகுதி மெதுவாக ஏறி வந்து சேரும். தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் பேப்பர் என்பதால் அதற்கு மிகக் கனமான, கான்ட்ராஸ்ட் அதிகமான நெகட்டிவ் வேண்டும். அட்ஜே அப்படித்தான் கழுவினார். அதே தட்டை நம் பேப்பரில் வைத்தால் வெள்ளை வெறிச்சோடிப்போகும், நிழல் அடைத்துக்கொள்ளும். ஆபட் திறமையானவர், எவ்வளவோ சமாளித்தார். ஆனாலும் அவர் போட்டதையும் அட்ஜே போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் காலை வெளிச்சம் காற்று மாதிரி தெருவுக்குள் வருகிறது, மற்றதில் தெரு மட்டும் இருக்கிறது. 1968இல் அந்தச் சேகரிப்பு நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. பிறகு சிகாகோ ஆல்புமென் ஒர்க்ஸ் என்ற இடத்தில், பழைய வகைப் பேப்பரிலேயே, தங்கக் கரைசலில் நிறமேற்றும் தங்க டோனிங்கோடு மறுபடி போட்டார்கள். அப்போதுதான் அந்த நெகட்டிவ்களுக்கு அவற்றின் ஜோடி கிடைத்தது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லீ ஃப்ரீட்லாண்டருக்கும் இதே அனுபவம். நியூ ஆர்லியன்ஸில் இ. ஜே. பெல்லாக் 1912 வாக்கில் எடுத்த கண்ணாடித் தட்டுகளை அவர் 1966இல் வாங்கினார். பெல்லாக்கின் பழைய பிரிண்ட் போட்ட முறையைத் தேடிப் பிடித்து, வெளிச்சத்தில் கறுக்கும் பேப்பரில் போட்டார். ஒரு பிரிண்ட் ஏற மூன்று மணி நேரம் முதல் ஏழு நாள் வரை ஆனதாம். நம் ஆட்கள் மல்டிகிரேடு பேப்பரில் முப்பது வினாடி தாண்டினாலே முனகுவார்கள்.

உங்கள் சார் அட்ஜே காலத்தவர் இல்லை. ஆனால் விஷயம் அதேதான். 1970களில் சின்ன ஊர் ஸ்டுடியோவில் எல்லா கிரேடும் அலமாரியில் அடுக்கியிருக்காது. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' சரக்கோ, வெளிநாட்டுப் பெட்டி ஏதோ, அந்த மாதம் எது கிடைத்ததோ அதுதான். நான் பழகிய பழைய ஸ்டுடியோக்காரர்கள் கையிலிருக்கும் பேப்பருக்கு ஏற்ற மாதிரி ஃபிலிமைக் கழுவுவார்கள். அதனால் அந்த இரண்டு பிரிண்ட்தான் உங்கள் சொத்து. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள், பேப்பர் கம்பெனியின் முத்திரை லேசாக இருக்கலாம். முன்பக்கத்தில் கறுப்பு எந்தக் கறுப்பு? நீலம் தட்டுகிறதா, காப்பி நிறம் தட்டுகிறதா? முழு வெள்ளை எங்கேயாவது இருக்கிறதா, அல்லது வேட்டியில்கூடச் சாம்பல் ஒட்டியிருக்கிறதா?

பிறகு அந்த இரண்டு பிரிண்டின் நெகட்டிவ்களையும் பெட்டியில் தேடுங்கள். ஒன்று கிடைத்தால்கூடப் பாதி வேலை முடிந்தது. அதை உங்கள் என்லார்ஜரில் ஏற்றி, டாட்ஜிங் (ஓரிடத்தை மறைத்து வெளுக்க வைப்பது), பர்னிங் எதுவும் இல்லாமல் கிரேடு 2இல் நேராகப் போடுங்கள். சாருடைய பிரிண்டைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு அதைப் போலவே வரும்வரை போட்டுக்கொண்டே இருங்கள். பத்துத் தாள் வீணாகட்டும். எந்த கிரேடில் ஒத்துவருகிறது, அவர் எந்த மூலையைக் கறுக்க வைத்தார், யார் முகத்துக்குக் கையை மறைத்துப் பிடித்தார் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டயேன் ஆர்பஸ் 1971இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்களைப் பிரிண்ட் போட அனுமதி பெற்ற ஒரே ஆள் நீல் செல்கிர்க், அவரிடம் படித்தவர். அவரும் ஆர்பஸே போட்டு வைத்திருந்த பிரிண்ட்களுக்கு இணையாக வரவைப்பதைத்தான் வேலையாக எடுத்துக்கொண்டார். ஆர்பஸ், நெகட்டிவைப் பிடித்திருக்கும் சட்டமான நெகட்டிவ் கேரியரின் ஓரத்தை அரத்தால் ராவிவிட்டதால் படத்தைச் சுற்றி ஒழுங்கற்ற கறுப்பு விளிம்பு வரும். அதையும் விடக்கூடாது, ஏனென்றால் அதுவும் அவர் கை.

ஒத்துப் பார்க்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். பழைய ஸ்டுடியோ என்லார்ஜர்களில் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குவித்து அனுப்பும் கண்டென்சர் லென்ஸ் இருக்கும். உங்களுடையது வெளிச்சத்தைப் பரப்பி அனுப்பும் டிஃப்யூஷன் ஹெட் என்றால் அதே நெகட்டிவ் ஏறக்குறைய ஒரு கிரேடு சாஃப்ட்டாக, அதாவது கான்ட்ராஸ்ட் குறைந்து, விழும். எனவே 3இல் ஒத்துவந்தால் பயப்படாதீர்கள், அதுதான் சாருடைய 2. இன்னொன்று, ஃபைபர் பேப்பர் ஈரத்தில் ஒரு மாதிரியும் காய்ந்தபின் கொஞ்சம் கறுத்தும் இருக்கும். ட்ரேயில் பார்த்து முடிவு செய்யாமல் காய்ந்ததைப் பாருங்கள், அதுவும் மாட்டப்போகிற இடத்து வெளிச்சத்தில். குளியலறை பல்பில் அழகாக இருந்த பனி, டியூப்லைட்டில் அழுக்கு மாதிரி தெரியும்.

இப்போது சிவப்புக் கறை. அது கறை இல்லை. 'டச்சிங்' வேலை செய்கிறவர்கள் மெல்லிய பிரஷ்ஷில் சிவப்புச் சாயம் தொட்டு, நெகட்டிவில் மெலிந்திருக்கும் இடத்தில் வைப்பார்கள். பேப்பருக்குச் சிவப்பு தெரியாது என்பதால் அந்த இடத்தில் வெளிச்சம் குறையும், பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். உங்கள் விவசாயி தலைப்பாகை நிழலில் இருக்கிறார், நெற்றியும் கண்ணும் கறுத்துப் போயிருக்கும். அதைத் தூக்கிவிடத்தான் சார் அங்கே வைத்திருக்கிறார். என்லார்ஜருக்குக் கீழே ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டுவதற்குப் பதிலாக, ஒரே தடவையில் நெகட்டிவிலேயே செய்து வைத்த டாட்ஜிங் அது. தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும். அந்த நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் கன்னத்தில் மினுமினுப்பாகப் பென்சில் கோடுகளும் தெரியலாம், சுருக்கத்தைக் குறைக்கப் போடுவது. அவர் எப்படிப் போட்டிருப்பார் என்று கேட்டீர்களே, இந்த ஒரு படத்துக்கு அவரே எழுதி வைத்துவிட்டார்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. "கொஞ்சம் கலரா போடுங்க" என்று கேட்காத வாடிக்கையாளர் அந்தக் காலத்தில் இல்லை. ஆகவே சில நெகட்டிவ்களில் நிழலைத் தூக்குவதற்காக இல்லாமல், ஆளை வெளுப்பாக்குவதற்காகவே சாயம் ஏறியிருக்கும். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் தொட மாட்டேன். அந்த இடத்தில் சில வினாடி பர்ன் செய்து பிரிண்டில் குறைத்துக்கொள்ளலாம், நெகட்டிவ் அப்படியே இருக்கட்டும். ஆடம்ஸ் ரசாயனத்தில் முக்கியது அவருடைய சொந்த நெகட்டிவ். கீறலுக்கும் இதைத்தான் சொல்வேன். மூக்கு ஓரத்து எண்ணெயை விரலில் தொட்டு ஃபிலிமின் முதுகுப் பக்கம் தடவினால் கீறல் மறையும் என்பது பழைய வித்தை, வேலையும் செய்யும். உங்கள் ஃபிலிமில் தாராளமாகச் செய்யுங்கள். சாருடையதில் வேண்டாம். வெள்ளைக் கோடு விழுந்தால் பிரிண்டில் பிரஷ் வைத்து மறைத்துவிடுங்கள். பெட்டியைத் திறக்கும்போது வினிகர் வாடை அடிக்கும் ரோல்கள் இருந்தால் உடனே தனியாக எடுத்து வையுங்கள், அது மற்றவற்றுக்கும் பரவும்.

அப்படியேதான் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இருபதுக்கு, ஆமாம். நினைவு நாளுக்கு வருகிறவர்கள் சாரைப் பார்க்க வருகிறார்கள். அதற்குப் பிறகு உங்கள் விருப்பப்படி ஒரு தொகுப்புப் போடுங்கள், அந்த 4½ பரிசலையும் தைரியமாக அதில் வையுங்கள். இரண்டையும் ஒரே சுவரில் கலந்து மாட்டாதீர்கள் என்பது மட்டும்தான் என் பிடிவாதம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் பார்க்கின்சன் நோயால் டார்க்ரூமுக்குள் வேலை செய்ய முடியாமல் போனபோது, 1950களில், அவர் மேற்பார்வையில் மகன் பிரெட் 800க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைப் பிரிண்ட் போட்டார். 1958இல் தந்தை இறந்த பிறகு இன்னொரு மகன் கோல் தொடர்ந்தார். அப்படி அப்பாவின் நெகட்டிவைப் போட்டுப் பழகிய பிரெட், 1991இல் தன் 80ஆவது பிறந்தநாளன்று தன்னுடைய நெகட்டிவ்களைச் சிலவற்றைத் தவிர நெருப்பில் போட்டார். தன்னைத் தவிர யாரும் அவற்றைப் போடக்கூடாதாம். உங்கள் சார் எரிக்கவில்லை. பட்டர் பேப்பரில் சுற்றி, பென்சிலால் தேதி எழுதி வைத்திருக்கிறார். யாராவது போடட்டும் என்று நினைத்தாரா, ஸ்டுடியோ பழக்கத்தில் வைத்தாரா, நான் அதற்கு மேல் ஊகிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஓரத்தை வெட்டலாமா என்பது. ஃப்ரேமை வெட்டவே கூடாது என்று நின்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் 1932 பாரிஸ் சான்-லாசார் ரயில் நிலையப் படமே வெட்டிப் போட்டதுதான். வேலி இடுக்கில் லென்ஸை வைத்து எடுத்ததால் ஓரத்தில் பலகை விழுந்திருந்தது. சாருடைய இரண்டு பிரிண்டும் 8க்கு 10 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளை நிரப்ப வேண்டுமென்றால் 35 மில்லிமீட்டர் ஃப்ரேம் முழுதாக அடங்காது, வெட்டித்தான் ஆக வேண்டும். அவர் எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுத்தார் என்று பாருங்கள்.

பெயர் விஷயம் எளிது. படம் சாருடையது, பிரிண்ட் உங்களுடையது, இரண்டையும் எழுதுங்கள். படத்துக்குக் கீழே அவர் பெயர், எடுத்த ஆண்டு. பின்பக்கம் மெல்லிய பென்சிலால் 'பிரிண்ட்:' என்று உங்கள் பெயர், போட்ட ஆண்டு, பேப்பர், கிரேடு. நாற்பது வருடம் கழித்து யாராவது அதைச் சாரே போட்டது என்று நினைத்துவிடக் கூடாது. விற்கிற எண்ணம் வந்தால் மகளிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நெகட்டிவ் கையில் இருப்பதும் உரிமை இருப்பதும் வேறு வேறு. 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தியச் சட்டத்தில் புகைப்படத்துக்கும் எடுத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. வாடிக்கையாளர் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட ஸ்டுடியோ படங்களின் கணக்கு வேறு, அவற்றை இதில் சேர்க்காதீர்கள்.

பரிசலை மறுபடி கிரேடு 2இல் போட்டுப் பாருங்கள். வானத்துக்குக் கையே வேண்டாம். சப்பென்று இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும், காயும்வரை பொறுங்கள். அந்த இரண்டு பழைய பிரிண்டின் பின்பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பி வையுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தால் முத்திரை தெரியும், ஃபிளாஷ் போட வேண்டாம்.